ஒரே பயணம், இரண்டு முறை: நுண்ணீர்ப்பு ஆய்வுக்காகப் பறந்த கொலம்பியா – கேள்விகளும் பதில்களும்

1997 ஏப்ரலில் ஏழு பேருடன் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியது. பதினாறு நாள் திட்டம். நான்கே நாளில் திரும்பிவிட்டது. ஜூலையில் அதே ஓடம், அதே ஏழு பேர், அதே ஆய்வுக்கூடத்துடன் மறுபடி கிளம்பி விட்ட வேலையை முடித்தது. முதல் பயணத்தின் எண் எஸ்டிஎஸ்-83, இரண்டாவதன் எண் எஸ்டிஎஸ்-94. அறிவியல் ஆய்வு ஒன்றுக்காகவே மனிதர்கள் பறந்த பயணங்களில் இந்த இரட்டைப் பயணத்துக்குத் தனி இடம் உண்டு. அதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

அந்தப் பயணத்தில் என்னதான் செய்தார்கள்?

செயற்கைக்கோள் எதையும் ஏவவில்லை. எந்த நிலையத்தோடும் இணையவில்லை. விண்வெளி நடையும் திட்டத்தில் இல்லை. ஓடத்தின் சரக்குப் பகுதிக்குள் ஸ்பேஸ்லேப் என்ற உருளை வடிவ ஆய்வுக்கூடம் இருந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை கட்டிக்கொடுத்தது அது. விண்வெளி வீரர்கள் ஒரு சுரங்கப்பாதை வழியாக மிதந்து சென்று அதற்குள் வேலை பார்த்தார்கள். ‘நுண்ணீர்ப்பு அறிவியல் ஆய்வுக்கூடம்-1’ என்ற பெயரில் எரிதல், உருகிய உலோகம், கூழ்மங்கள், புரதப் படிகங்கள் ஆகியவை பற்றிய கருவிகள் அங்கே அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டிருந்தன. முதன்மை ஆய்வுகள் மட்டும் 25. அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி ஆகிய நாடுகளின் முகமைகளும் ஐரோப்பிய முகமையும் சேர்ந்து அவற்றைத் தந்திருந்தன. பதினாறு நாளும் ஓடம் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடச் சலிப்பான விண்வெளிப் பயணம் இருக்க முடியாது. உள்ளே நடந்ததுதான் சுவாரசியம்.

அந்த உயரத்தில் புவியீர்ப்பு இல்லையா?

நன்றாகவே இருக்கிறது. கொலம்பியா சுற்றியது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் 90 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். ஆனால் ஓடமும் அதற்குள் இருப்பவை அனைத்தும் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நொடியில் ஓடம் பூமியை நோக்கி ஏறத்தாழ நாலரை மீட்டர் விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் ஏழே முக்கால் கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவும் அதே நாலரை மீட்டர் கீழே போய்விடுவதால் தரை கிட்டே வருவதே இல்லை. எல்லாம் ஒரே வேகத்தில் விழுவதால் எதுவும் எதன்மீதும் அழுந்துவதில்லை. மிச்சமாக உணரப்படும் முடுக்கம் தரையில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். இந்த நிலையைத்தான் நுண்ணீர்ப்பு என்கிறார்கள். அந்தச் சிறு மிச்சமும் தொல்லை தரக்கூடியதே; அதைப் பிறகு பார்ப்போம்.

விழுவதுதான் வேண்டுமென்றால் தரையிலேயே எதையாவது விழவைத்து ஆராயலாமே?

ஆராய்கிறார்கள். கிளீவ்லாந்தில் உள்ள நாசா மையத்தில் இரண்டு வீழ்கூடங்கள் இருக்கின்றன. ஒன்றில் 2.2 நொடி கிடைக்கும். 132 மீட்டர் விழும் பெரிய கூடத்தில் 5.18 நொடி. ஜெர்மனியின் பிரெமென் கோபுரத்தில் மேலிருந்து விட்டால் ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். கீழிருந்து கவண் போல் எறிந்தால் ஒன்பது நொடிக்குச் சற்று அதிகம். விமானத்தை வில்போல் வளைந்து ஏறி இறங்கச் செய்தால் ஒவ்வொரு வளைவுக்கும் இருபது, இருபத்தைந்து நொடி. சிறு ஆய்வு ராக்கெட்டில் சில நிமிடங்கள்.

எரிபொருள் குறைந்த கலவையில் எரியும் தீ நிலைபெறவே பல நொடிகள் ஆகும். ஒரு புரதப் படிகம் வளர நாள்கள் ஆகும். இங்கேதான் மனிதர் ஏறும் ஆய்வுப் பயணத்தின் உண்மையான மதிப்பு தெரிகிறது. அது விற்கும் சரக்கு எடையின்மை அல்ல, தடைபடாத நேரம். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு ஆய்வையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் யார் எதற்காக அத்தனை பாடுபட்டார்கள் என்பது விளங்கும்.

பதினாறு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

ஓடத்துக்கு மின்சாரம் தந்தவை எரிபொருள் மின்கலங்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரமும் குடிநீரும் ஆக்கும் கருவிகள் அவை. அந்த இரண்டு வாயுக்களின் இருப்பு தீர்ந்தால் பயணம் முடிந்தது. கொலம்பியாவில் கூடுதல் தொட்டிகள் கொண்ட ஒரு தட்டைச் சரக்குப் பகுதியின் பின்முனையில் வைத்து நாள்களை நீட்டினார்கள். 1992 ஜூனில் கிளம்பிய எஸ்டிஎஸ்-50 தான் இந்த ஏற்பாட்டோடு பறந்த முதல் பயணம். அதுவும் நுண்ணீர்ப்பு ஆய்வுக்காகவே. பதினான்கு நாள் நீடித்தது. 1995-இல் எஸ்டிஎஸ்-73 பதினாறு நாளைத் தொட்டது.

அப்படியானால் முதல் முயற்சி நான்கே நாளில் ஏன் முடிந்தது?

அதே மின்கலத்தால்தான். ஓடத்தில் மூன்று எரிபொருள் மின்கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கிலும் 32 சிற்றறைகள். ஓர் அடுக்கின் ஒரு பாதியும் மறுபாதியும் தரும் மின்னழுத்தத்தை ஒரு காவற்கருவி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் நிம்மதி. 1997 ஏப்ரல் 4 அன்று கொலம்பியா கிளம்பிய பிறகு இரண்டாம் எண் மின்கலத்தில் இந்த வேறுபாடு ஏறத் தொடங்கியது.

வேறுபாடு ஏறுகிறது என்றால் ஏதோ ஒரு சிற்றறை சீர்கெடுகிறது என்று பொருள் கொள்ளலாம். முற்றிலும் கெட்டுப்போனால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்திருக்க வேண்டிய இடத்தில் கலக்கும். தீயோ வெடிப்போ நிகழலாம். உண்மையில் கெட்டிருப்பது சிற்றறையா, காவற்கருவியா என்று மேலே இருந்துகொண்டு திட்டவட்டமாகப் பிரித்தறிய வழியில்லை. எனவே அந்த மின்கலத்தை நிறுத்தினார்கள். மீதி இரண்டை வைத்துக்கொண்டு பறக்கலாம், பத்திரமாக இறங்கவும் செய்யலாம். ஆனால் இரண்டில் இன்னொன்று போனால் நிலைமை மோசமாகும். மூன்றில் ஒன்று இயங்காவிட்டாலும் பயணத்தைச் சுருக்கு என்பது எழுதிவைத்த விதி. விதிப்படியே ஏப்ரல் 8 அன்று கென்னடி விண்வெளி மையத்தில் இறங்கினார்கள். பறந்தது நான்கு நாளுக்கும் சற்றுக் குறைவு.

இந்த முடிவை அன்றைக்குச் சிலர் அதீத எச்சரிக்கை என்று நினைத்திருக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐயம் வந்தால் இறங்கு என்பதைச் சொல்வது எளிது. வருடக்கணக்கில் தயாரித்த 25 ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்வதுதான் கடினம்.

இறங்கிய பிறகு என்ன நடந்தது? மறுபடி பறப்பது வழக்கமா?

வழக்கமே இல்லை. ஓடங்களின் அட்டவணை பல ஆண்டுகளுக்கு முன்பே நிரம்பிவிடும். ஒருமுறை இடம் போனால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். இம்முறை நாசா இடையில் ஒரு பயணத்தைச் செருகியது. ஜூலை 1 அன்று, அதாவது இறங்கிய 84-ஆம் நாள், கொலம்பியா மறுபடி எழும்பியது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதில் ஒரு தொழில்நுட்பச் சாமர்த்தியம் இருக்கிறது. வழக்கமாக ஓடம் இறங்கியதும் சரக்குப் பகுதியில் உள்ள ஆய்வுக்கூடத்தைப் பாரந்தூக்கியால் வெளியே எடுத்து, வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பழுதுபார்ப்பார்கள். இம்முறை ஸ்பேஸ்லேப்பை எடுக்கவே இல்லை. ஓடத்துக்குள் இருந்தபடியே தீர்ந்த வாயுக்களை நிரப்பி, மாதிரிகளை மாற்றி, கருவிகளைச் சரிபார்த்துவிட்டார்கள். பயணத்தின் சின்னத்தைக்கூட மாற்றவில்லை. ஓரத்தின் சிவப்பு நிறத்தை மட்டும் நீலமாக்கிக்கொண்டார்கள். ஒரே ஓடம், ஒரே குழு, ஒரே சரக்கு என்று மூன்றும் மாறாமல் திரும்பப் பறந்தது ஓடங்களின் வரலாற்றில் அதுவே முதல்முறை. குழு ஏற்கெனவே பழகியது என்பதால் புதிதாகப் பயிற்சி தரும் மாதங்களும் மிச்சமாயின. இரண்டாம் முறை ஜூலை 17 வரை, பதினாறு நாளுக்குச் சற்றுக் குறைவாக, முழுப் பயணமும் நடந்தது.

யார் அந்த ஏழு பேர்?

கமாண்டர் ஜேம்ஸ் ஹால்செல். பைலட் சூசன் ஸ்டில். ஓடத்தின் பைலட் இருக்கையில் அமர்ந்த இரண்டாவது பெண். ஆய்வுப் பொறுப்பாளர் ஜேனிஸ் வாஸ். மைக்கேல் கெர்ன்ஹார்ட், டொனால்டு தாமஸ் இருவரும் பயண வல்லுநர்கள். மீதி இருவர், ரோஜர் கிரவுச்சும் கிரெகரி லின்டெரிஸும், தொழில்முறை விண்வெளி வீரர்கள் அல்லர். கிரவுச் நாசாவின் நுண்ணீர்ப்பு அறிவியல் பிரிவில் இருந்த விஞ்ஞானி. லின்டெரிஸ் தீயணைப்பு வேதியியலை ஆராயும் பொறியாளர். எரிதல் ஆய்வுகள் நிறைந்த பயணத்துக்குத் தீயை வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவரையே அனுப்பியது நல்ல தேர்வு.

விண்கலத்துக்குள் தீ மூட்டுவதா? ஆபத்து இல்லையா?

தீ எல்லாம் மூடிய அறைக்குள்தான். எரிதல் அறை கனத்த சுவர் கொண்டது. உள்ளே வாயுக்களைத் துல்லியமான அளவில் நிரப்பி, பொறி தட்டி, சாளரம் வழியாகக் கேமராக்களால் பதிவு செய்வார்கள். எரிபொருளின் அளவும் மிகக் குறைவு. எஸ்டிஎஸ்-94 பயணத்தில் இப்படி 200-க்கும் மேற்பட்ட முறை தீ மூட்டப்பட்டது. திட்டமிட்டதைவிட அது அதிகம்.

ஈர்ப்பு உணரப்படாத இடத்தில் தீ எப்படி எரியும்?

தரையில் ஒரு சுடர் மேல்நோக்கிக் கூர்மையாக எழுவதற்குக் காரணம் ஈர்ப்பு. சூடான வாயு லேசாகி மேலே போகிறது. கீழிருந்து குளிர்ந்த காற்று புகுந்து ஆக்சிஜனைத் தருகிறது. இந்த வெப்பச்சலனம் நின்றுவிட்டால் சுடருக்கு மேல், கீழ் தெரியாது. அது உருண்டையாகும். ஆக்சிஜன் தானாகப் பரவி வந்து சேரும் மெல்லிய வேகத்துக்கு ஏற்ப மங்கலாக, நீலமாக, நிதானமாக எரியும்.

ஈர்ப்பு மறைக்கும் வேறு விஷயங்களும் இப்படித்தான் வெளிப்படும். கனமான துகள் அடியில் படிவதில்லை. குமிழி மேலே ஏறுவதில்லை. திரவம் தன் எடையாலேயே நசுங்குவதில்லை. நுண்ணீர்ப்பு ஆய்வு முழுவதும் இந்த மூன்று நான்கு மாற்றங்களைச் சுற்றியே நடக்கிறது.

தீப்பந்துகள் என்று படித்தேன். அவை என்ன?

இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1944-இல் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச் காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் மிகக் குறைவாகக் கலந்த வாயுவில், நகராமல், விரியாமல், ஒரே இடத்தில் நின்று எரியும் உருண்டையான தீ ஒன்று சமன்பாட்டின்படி இருக்கலாம். ஆனால் அது நிலைக்காது என்பதும் அவர் கணக்கிலேயே வந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து 1984-இல் பால் ரோனி என்ற அமெரிக்க ஆய்வாளர் வீழ்கூடத்தில் வேறு ஒன்றை ஆராயும்போது, ஹைட்ரஜன் குறைந்த கலவையில் அப்படிப்பட்ட உருண்டைகளைக் கண்டார். ஆனால் அவர் கையில் இருந்தது சில நொடிகள். நிலைத்து நிற்கும் தீயா, அணைந்துகொண்டிருக்கும் தீயா என்று சொல்ல அது போதாது. விமானத்தில் நேரம் கூடியது. ஆனால் விமானத்தின் குலுக்கல் தீயைக் கலைத்தது.

கொலம்பியாவில் ஹைட்ரஜன் குறைந்த கலவையை அறையில் நிரப்பிப் பொறி தட்டினார்கள். தீ ஒன்றாகத் தொடங்கிச் சில உருண்டைகளாகப் பிரிந்தது. அவை மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பிறகு அப்படியே நின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல் என்பதால் ஒளியைப் பெருக்கும் கேமராக்கள் தேவைப்பட்டன. நடுவில் எரிந்து முடிந்த வாயு. சுற்றிலும் மெல்லிய தீ ஓடு. வெளியே இருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தாமாகவே பரவி அந்த ஓட்டுக்கு வந்துசேர்கின்றன. வெப்பம் வெளியே பரவுகிறது. காற்றோட்டம் எதுவும் இல்லை. செல்டோவிச்சின் கணக்கில் நிலைக்காது என்று வந்தது ஏன் நிலைத்தது? தீ கதிர்வீச்சாக இழக்கும் சிறிதளவு வெப்பமே அதைக் கட்டுப்படுத்தி நிலைநிறுத்துகிறது. வெப்ப இழப்பு தீயை அணைக்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே அதுதான் காக்கிறது.

அந்த உருண்டை ஒன்றின் ஆற்றல் சுமார் ஒரு வாட். பிறந்தநாள் கேக்கில் செருகும் சிறு மெழுகுவத்தி 50 முதல் 100 வாட் வரை தரும். பதிவான தீக்களில் மிகவும் பலவீனமானவை இவைதான். ஓர் ஓட்டத்துக்கு 500 நொடி என்று கருவிக்குக் கெடு வைத்திருந்தார்கள். அதற்குள் உருண்டைகள் விலகிப்போய்ச் சுவரில் பட்டு அணைந்துவிடும் என்று நினைத்தார்கள். பல உருண்டைகள் 500 நொடி முடிந்தும் எரிந்துகொண்டிருந்தன. கருவிதான் அவற்றை நிறுத்தியது. பின்னாளில் 2003-இல் பறந்த எஸ்டிஎஸ்-107 பயணத்தில் கெடுவை நீட்டியபோது ஓர் உருண்டை 81 நிமிடம் எரிந்தது.

பயன் என்ன என்று கேட்டால்: மெலிந்த கலவையில் எரியும் இயந்திரங்கள் பற்றிய கணினி மாதிரிகளைச் சரிபார்க்க இதைவிட எளிய தீ கிடையாது. இன்னொன்றும் உண்டு. தரையில் எரியவே எரியாது என்று முத்திரை குத்தப்பட்ட கலவை, விண்கலத்துக்குள் மங்கலாக, யார் கண்ணிலும் படாமல் எரியலாம். தீப்பாதுகாப்பு விதி எழுதுபவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி.

எரிபொருள் துளிகளையும் எரித்தார்களாமே?

ஆம். ஹெப்டேன் துளி ஒன்றை அந்தரத்தில் மிதக்கவிட்டு இரு பக்கமும் பொறி தட்டி எரித்தார்கள். துளி முழு உருண்டை, தீயும் முழு உருண்டை என்பதால் கணக்கு ஒரே திசையில் சுருங்கிவிடும். ஆராய்ச்சியாளருக்கு அதைவிட இனிப்பான செய்தி கிடையாது. டீசல் இயந்திரத்துக்குள் எரிபொருள் துளித்துளியாகத்தான் எரிகிறது என்பதால் இது வெறும் அழகு ஆய்வும் அல்ல. இந்த ஆய்வை வழிநடத்திய ஃபோர்மன் வில்லியம்ஸ், பிற்பாடு சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடந்த துளி ஆய்விலும் பங்கேற்றார். அங்கே தீ அணைந்ததாகத் தெரிந்த பிறகும் துளி தொடர்ந்து சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாத, வெப்பநிலை குறைந்த ‘குளிர்தீ’ அதை எரித்துக்கொண்டிருந்தது. 2012-இல் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்பை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

உலோகத்தை மிதக்கவிட்டு உருக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. டெம்பஸ் என்ற ஜெர்மன் கருவி மின்காந்தப் புலத்தால் உலோக உருண்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு உருக்கியது. பாத்திரமே கிடையாது. பாத்திரம் இல்லாவிட்டால் அதன் சுவரிலிருந்து மாசு கலக்காது. உறைதல் தொடங்க ஒரு புள்ளியும் கிடைக்காது. ஆகவே திரவ உலோகம் தன் உறைநிலைக்கும் கீழே பல டிகிரி குளிர்ந்தும் திரவமாகவே இருக்கும். அந்த நிலையில் அதன் பாகுத்தன்மை, பரப்பு இழுவிசை, வெப்பக் கொள்ளளவு ஆகியவற்றை அளந்தார்கள். தரையிலும் உலோகத்தை மிதக்கவிடலாம். ஆனால் எடையைத் தாங்கும் அளவுக்கு வலுவான புலம் தேவை. அது உருகிய துளியைச் சூடாக்கிக் கலக்கி உருக்குலைத்துவிடும். சிர்கோனியம் உருண்டைகளை மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட முறை உருக்கினார்கள். படிகமாகாமல் கண்ணாடிபோல் உறையும் உலோகக் கலவைகளும் அந்த ஆய்வில் இடம்பெற்றன.

கூழ்ம ஆய்வில் என்ன கண்டார்கள்?

திரவத்தில் நுண்ணிய உருண்டைகளை மிதக்கவிட்டு, அவை ஒழுங்கான அடுக்குகளாக அமைவதைப் பார்ப்பது இந்த ஆய்வு. அணுக்கள் படிகமாவதன் பெரிதாக்கிய மாதிரி என்று சொல்லலாம். இதன் மிகச் சுவையான முடிவு 1995-ஆம் ஆண்டுப் பயணத்தில் கிடைத்தது. தரையில் ஓராண்டுக்கு மேல் வைத்தும் படிகமாகாத ஒரு கலவை, சுற்றுப்பாதையில் இரண்டு வாரத்துக்குள் படிகமாகிவிட்டது. ஈர்ப்புதான் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. 1997-இல் அதே கேள்வியை லேசர் ஒளிச்சிதறலோடு இன்னும் நுட்பமாகத் தொடர்ந்தார்கள்.

புரதப் படிகங்களால் புதிய மருந்துகள் வந்தனவா?

விளம்பரப்படுத்திய அளவுக்கு இல்லை. எஸ்டிஎஸ்-94-இல் ஏறத்தாழ 700 படிகங்கள் வளர்க்கப்பட்டன. சில தரையில் வளர்ந்தவற்றைவிடப் பெரியவை, ஒழுங்கானவை. ஆனால் எந்தப் புரதத்துக்கு விண்வெளி உதவும், எதற்கு உதவாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதற்குள் தரையிலேயே வலிமையான எக்ஸ்-கதிர் மூலங்கள் வந்து, சிறிய படிகத்தையும் படிக்கும் வழி கிடைத்துவிட்டது. 2000-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இந்தத் திட்டத்தின் பலன் உறுதிப்படவில்லை என்றே அறிக்கை தந்தது. ஓடம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ‘மருந்துக் கண்டுபிடிப்பு’ என்று முழங்கியதுதான் தவறு என்பேன். தீ ஆய்வைப் பற்றி யாரும் அவ்வளவு முழங்கவில்லை. உண்மையான வியப்புகள் அங்கேதான் வந்தன.

இதற்கெல்லாம் மனிதர்கள் எதற்கு? தானியங்கிகள் போதாதா?

சில ஆய்வுகளுக்குப் போதும், ஆளில்லாமலும் பறந்திருக்கின்றன. ஆனால் புதிய கருவி என்றால் கெட்டுப்போகும்.

1985-இல் சாலஞ்சர் ஓடத்தில் ஸ்பேஸ்லேப்-3 பறந்தபோது இயற்பியலாளர் டெய்லர் வாங், தான் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய துளி ஆய்வுக் கருவியோடு போனார். சுவிட்சைப் போட்டதும் கருவி வேலை செய்யவில்லை. பழுதுபார்க்கத் தரைக்கட்டுப்பாடு உடனே அனுமதிக்கவில்லை. அனுமதிக்காவிட்டால் தான் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் தெரிவித்திருக்கிறார். அனுமதி கிடைத்தது. கருவி அடுக்குக்குள் தலையை நுழைத்து, கால் மட்டும் வெளியே தெரிய, மின்சுற்றுப் பழுதைக் கண்டுபிடித்து மாற்றுவழி போட்டு, மீதி நாள்களில் ஆய்வை நடத்தி முடித்தார்.

இன்னொரு காரணம், எதிர்பாராததைக் கண்டவுடன் திட்டத்தை மாற்றுவது. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் மையத்தில் ஆய்வாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து, வந்த முடிவைப் பார்த்து அடுத்த ஓட்டத்தின் கலவையை மாற்றச் சொல்வார்கள். மேலே இருப்பவர் மாற்றுவார். தீ மூட்டிய எண்ணிக்கை திட்டத்தைத் தாண்டியதற்கு இந்தக் கூட்டு வேலையும் ஒரு காரணம்.

மனிதர் அசைந்தால் ஆய்வு கெடாதா?

கெடும். உடற்பயிற்சி, கதவை மூடுவது, விசிறி, நீரேற்றி எல்லாமே அதிர்வு தரும். ஓடத்தைத் திருப்பும் சிறு உந்துபொறிகள் அதைவிட மோசம். தீப்பந்து பதிவுகளில் உந்துபொறி இயங்கிய தருணங்கள் தனியாகத் தெரிந்தன. அந்த ஒரு வாட் தீ அத்தனை நுண்ணுணர்வு கொண்டது. ஆகவே முக்கியமான ஓட்டங்களின்போது உந்துபொறிகளை நிறுத்தி ஓடத்தைத் தன்போக்கில் மிதக்கவிட்டார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு அதிர்வு இருந்தது என்று பதிவு செய்யவே நான்கு தனி முடுக்கமானி ஆய்வுகள் பயணத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று ஈர்ப்பின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவையும் உணரும். அந்த உயரத்தில் இருக்கும் அருகிய காற்றின் உரசலைக்கூடப் பிடித்துவிடும்.

வீரர்களின் ஒரு நாள் எப்படிப் போகும்?

இரண்டு குழுக்கள், சிவப்பு, நீலம். ஒன்று உறங்கும்போது மற்றொன்று வேலை பார்க்கும். ஆய்வுக்கூடத்தில் 24 மணி நேரமும் ஆள் இருக்கும். தொடக்க நாள்களில் பெரும்பாலோருக்குக் குமட்டலும் தலைபாரமும் வரும். ஆனால் அட்டவணை அதற்காகக் காத்திருக்காது.

கல்பனா சாவ்லா இதில் இருந்தாரா?

இந்த இரண்டு பயணங்களிலும் இல்லை. ஆனால் அவருடைய முதல் பயணம் அதே 1997-இன் இறுதியில், அதே கொலம்பியாவில், எஸ்டிஎஸ்-87. அதன் முக்கியச் சரக்கும் நுண்ணீர்ப்பு ஆய்வுக் கருவிகளே. அவருடைய இரண்டாவது பயணம் 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய எஸ்டிஎஸ்-107. அதுவும் முழுக்க ஆய்வுப் பயணம். மேலே சொன்ன எரிதல் அறை அதில் மறுபடி பறந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியதில் அவரும் மற்ற அறுவரும் உயிரிழந்தார்கள். எரிதல் தரவுகளில் கணிசமான பகுதி முன்பே தரைக்கு அனுப்பப்பட்டிருந்தது. செனான் வாயுவின் பாகுத்தன்மை பற்றிய ஆய்வின் வன்தட்டு இடிபாடுகளில் கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்து தரவுகளை மீட்டு 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இப்போது இப்படிப்பட்ட பயணங்கள் உண்டா?

ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடம் 1998-இல் நரம்பியல் ஆய்வுப் பயணத்தோடு ஓய்வுபெற்றது. வேலை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மாறியது. டெம்பஸின் வாரிசான மின்காந்த மிதவைக் கருவி 2014 முதல் அங்கே இருக்கிறது. கருவிகளை விரைவாகப் பொருத்தவும் மாற்றவும் உதவும் எக்ஸ்பிரஸ் அடுக்கை முதலில் சோதித்ததும் 1997 பயணத்தில்தான். 2001-இல் அது நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குறுகிய கால ஆய்வுப் பயணம் என்ற வடிவமும் திரும்பி வந்திருக்கிறது. 2025 ஜூன் 25 அன்று கிளம்பி ஜூலை 15 அன்று திரும்பிய ஆக்சியம்-4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா உள்ளிட்ட நால்வர் சுமார் அறுபது ஆய்வுகளுக்காக நிலையத்துக்குச் சென்றார்கள்.

நிலையத்தில் நேரம் மாதக்கணக்கில் கிடைக்கிறது என்பது பெரிய வரம். ஆனால் அங்கே வீரரின் நாளில் ஒரு பகுதி பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் போய்விடுகிறது. மூன்று பேர் மட்டும் இருந்த தொடக்க ஆண்டுகளில் பெரும்பகுதியே போனது. ஏழு பேரும் இரண்டு முறைமாற்றில் ஆய்வை மட்டுமே பார்த்த அந்தப் பதினாறு நாள் செறிவு நிலையத்தில் எளிதில் கிடைப்பதில்லை. மறுபக்கம், ஓடத்தில் ஓர் ஆய்வு தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலையத்தில் அடுத்த வாரமே மறுபடி முயலலாம். எதை எங்கே அனுப்புவது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்யும்போது முதலில் கேட்பது, ‘என் மாதிரிக்கு எத்தனை நாள் வேண்டும், அதில் எத்தனை மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்’ என்பதைத்தான்.